அப்பா விட்டுப்போன பழைய ஸ்பின்னிங் ரீல்: கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மீன்பிடிக்க வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 1950களிலிருந்து 1980கள் வரை வந்த, உலோக உடல் கொண்ட ஸ்பின்னிங் ரீல்களுக்கானது. பெட்டியடியிலும் பரணிலும் கிடந்து இன்று பிள்ளைகள் கைக்கு வருபவற்றில் பிரான்சின் மிட்செல் 300, அமெரிக்காவின் பென் ஸ்பின்ஃபிஷர், ஸ்வீடனின் ஆபு கார்டினல் ஆகியவை முக்கியமானவை. உதாரணங்களை இவற்றிலிருந்தே எடுத்திருக்கிறோம். முறை எல்லாப் பழைய ஸ்பின்னிங் ரீலுக்கும் பொதுவானது.

உறுப்புகளின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறோம். நரம்பு சுற்றியிருக்கும் உருளை ஸ்பூல். அதைச் சுற்றி வரும் கிண்ணம் ரோட்டர். ரோட்டரில் மடங்கித் திறக்கும் வளைகம்பி பெயில். கம்பியின் ஓரத்தில் நரம்பு உரசிச் செல்லும் இடம் லைன் ரோலர். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக், டிராக். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுப்பது ஆன்டி ரிவர்ஸ்.

ரீல் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கைப்பிடியை வலுக்கட்டாயமாகச் சுற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே காய்ந்து கெட்டியான கிரீஸும் மணலும் சேர்ந்து இருக்கும். அந்த நிலையில் சுற்றினால் கியர் பற்களைத் தேய்க்கும் பொடி போட்டுச் சுற்றுவதற்குச் சமம். முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். காலிலும் (தூண்டில் கம்பில் பூட்டும் அடிப்பகுதி) அதன் தண்டிலும் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூலில் பழைய நரம்பு இருந்தால், அதை வெட்டி எறியும் முன் கடைசிச் சுற்று வரை உருவிப் பாருங்கள். ஸ்பூலோடு நரம்பைக் கட்டிய அந்த முடிச்சு உங்கள் அப்பாவோ அம்மாவோ போட்டது. முடிச்சோடு ஒரு சாண் நீளம் மட்டும் வெட்டி ஒரு சிறு உறையில் போட்டு வையுங்கள். ரீலில் நீங்கள் மாற்றப்போகும் எல்லாவற்றுக்கும் பதில் பொருள் கிடைக்கும், அதற்குக் கிடைக்காது. மீதி நரம்பைத் தயங்காமல் அகற்றலாம். நைலான் வெயிலிலும் ஈரத்திலும் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மீன்பிடிக்க உதவாது.

எந்த ரீல், எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிட்செல் ரீல்கள் பிரான்சின் ஓத்-சவ்வா பகுதியில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன க்ளூஸ் ஊரில், கார்ப்பானோ-எ-போன்ஸ் நிறுவனத்தில் உருவானவை. அமெரிக்காவில் கார்சியா நிறுவனம் விற்றதால் பலவற்றில் 'கார்சியா மிட்செல்' என்றே இருக்கும். 300 இடது கையால் சுற்றுவது, 301 வலது கையால் சுற்றுவது. 308 அதே அமைப்பின் சிறிய வடிவம். மிகப் பழைய மிட்செல்களில் முழு வளைகம்பிக்குப் பதில் பாதிக் கம்பிதான் இருக்கும். உங்களுடையது அப்படி இருந்தால் கழற்றும் முன் இரண்டு முறை யோசியுங்கள், அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

பென் நிறுவனம் 1932இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. ஸ்பின்ஃபிஷர் 1961இல் வந்தது. பச்சை நிற உடல் என்றால் தொடக்க காலத்தது, கறுப்பும் தங்கநிறமும் என்றால் பிற்காலத்தது. கார்டினல் ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் ஆபு தயாரித்தது. 1970களில் வந்த கார்டினல்களில் காலில் இருக்கும் ஆறு இலக்க எண்ணின் முதல் இரண்டு ஆண்டையும் அடுத்த இரண்டு மாதத்தையும் காட்டும். 7605 என்று தொடங்கினால் 1976 மே.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரே எண்ணில் பல பத்தாண்டுகள் விற்ற ரீல்களில், முக்கியமாக மிட்செல் 300இல், உள்ளுறுப்புகள் இடையிடையே மாறியிருக்கின்றன. '300தானே' என்று உதிரி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

புதுசு மாதிரி ஆக்கலாமா? பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம். கால் பக்கத்தில் கறுப்பு போய் வெள்ளி தெரிகிற இடம் விரல் பட்டுப்பட்டுத் தேய்ந்த இடம். அதை மூடிவிட்டால் ரீல் யாருடையதாக இருந்தது என்பதே தெரியாமல் போகும். விலை பார்க்கிறவர்களுக்கும் பழைய பூச்சுதான் வேண்டும். தவிர, அந்தக் காலத்து எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்புவது உடம்புக்கு ஆகாது. வெளிப்பக்கத்துக்கு வெதுவெதுப்பான நீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ் போதும். காய்ந்ததும் மெல்லிய மெழுகு ஒரு பூச்சு. ஒட்டுத்தாள்கள் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊறவிடாதீர்கள்.

உழைப்பை எல்லாம் உள்ளே காட்டுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

அதிக விலையுள்ளது எதுவும் இல்லை. ஆனால் திருப்புளி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மிட்செல், ஆபு போன்ற ஐரோப்பிய ரீல்களில் ஒற்றைக்கோடு போட்ட திருகுகள். சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்து இருப்பதால் கோட்டின் மேல்விளிம்பில் மட்டும் பிடித்து, வழுக்கி, தலையைக் கடித்துவிடும். நுனி இருபக்கமும் இணையாக இருக்க வேண்டும், கோட்டின் அகலத்தையும் நீளத்தையும் முழுக்க நிரப்ப வேண்டும். இருப்பதை அரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது எளிது. ஜப்பானிய ரீல்களில் இருக்கும் கூட்டல்குறித் திருகுகள் ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவுடையவை. சாதாரண ஸ்டார் திருப்புளி அவற்றில் முழுதாக இறங்காது, அழுத்தினால் துள்ளி வெளியே வந்து தலையைக் கெடுக்கும்.

இவை தவிர சாமணம், சிறு ஸ்பானர்கள், வெர்னியர் அளவுகோல், பல் குச்சி, பஞ்சுக் குச்சி, மண்ணெண்ணெய் அரை லிட்டர், மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு, வெள்ளைத் துணி ஒன்று. துணி வெள்ளையாகவே இருக்கட்டும், விழுந்த ஷிம் (உறுப்புகளுக்கிடையே வரும் மிக மெல்லிய வாஷர்) கண்ணுக்குத் தெரிய வேண்டும். காந்தத்தை நம்ப வேண்டாம். பித்தளையும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் உறுப்புகளும் அதில் ஒட்டாது.

எந்த வரிசையில் கழற்றுவது?

ஸ்பூல், கைப்பிடி, பக்க மூடி, ரோட்டர், கியர்கள். இந்த வரிசை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

டிராக் முன்பக்கம் இருக்கும் ரீல்களில், டிராக் குமிழை முழுக்கத் திருகி எடுத்தால் ஸ்பூல் வரும். பல மிட்செல்களிலும் கார்டினலிலும் ஸ்பூலின் நடுவில் உள்ள பொத்தானை அமுக்கினால் வரும். ஸ்பூலுக்கு அடியில், அது மாட்டியிருந்த தண்டான ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டு மெல்லிய வாஷர் ஒன்று இருந்தால் அது குப்பை அல்ல. ஸ்பூல் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது தொலைந்தால் நரம்பு ஸ்பூலின் ஒரு பக்கமாகக் குவியும்.

கைப்பிடி நேரடியாக மரையில் ஏறும் வகை என்றால் ஒரு சூத்திரம் எப்போதும் உண்மை: நரம்பு சுற்றும் திசையில் அது இறுகும், எதிர்த்திசையில் கழலும். ஆன்டி ரிவர்ஸை விடுவித்துவிட்டு, ரோட்டரைக் கையால் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்புங்கள். சில ரீல்களில் எதிர்ப்பக்கத்துத் திருகு பிடித்திருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும்.

ரோட்டர் நட் சிலவற்றில் இடது மரை, சிலவற்றில் வலது மரை. எந்தப் பக்கம் கழலும் என்று உறுதியாகத் தெரியாதவரை அரைப் பலத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். இரு பக்கமும் மெதுவாக முயன்று பாருங்கள். இந்த நட்டைத் தவறான பக்கம் முறுக்கி, ரோட்டரைச் சுழற்றும் சிறு கியரான பினியனின் மரையைக் கெடுத்தால் பினியனையே மாற்ற வேண்டிவரும்.

ஒவ்வோர் உறுப்பை எடுக்கும் முன்னும் ஒரு படம். எடுத்த உறுப்புகளை டப்பாவில் கொட்டாமல், ஒரு மெல்லிய கம்பியில் எடுத்த வரிசையிலேயே, எந்த முகம் மேலே இருந்ததோ அந்த முகம் மேலே இருக்கும்படி பூத்தொடுப்பது போலக் கோத்து வையுங்கள். மண்ணெண்ணெயில் முக்குவதும் அந்தக் கம்பியோடுதான். ஷிம்கள் 0.1 மி.மீ. கனத்தில்கூட இருக்கும். இரண்டு ஒன்றோடொன்று எண்ணெயில் ஒட்டி ஒன்று போலத் தோன்றும். எத்தனை, எந்தப் பக்கம் என்று எழுதி வைக்காவிட்டால் திரும்பப் பூட்டும்போது கியர் இறுகும் அல்லது ஆடும்.

திருகு அசையவே இல்லை. என்ன செய்வது?

அலுமினிய உடலில் எஃகுத் திருகு, நடுவில் உப்பு ஈரம். இது ஒரு சிறு பேட்டரி. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, மரைக்குள் அடைத்துத் திருகை இறுக்கிவிடும். இரும்புத் துரு போல இது எண்ணெயில் எளிதில் இளகாது, பொறுமைதான் வேலை செய்யும்.

துரு இளக்கி ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் சாதாரண சாலிடரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் ஒரு சொட்டு விடுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது பொடி உடையும், எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு திருப்புளியைத் தலையில் நிறுத்திப் பின்பக்கம் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. கழற்றும் முன் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வெற்றி. மூன்று நான்கு முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம்.

அசிட்டோன் கலந்த இளக்கிகளைப் பெயிண்டிலும் பிளாஸ்டிக்கிலும் படவிடாதீர்கள், இரண்டையும் கரைத்துவிடும். தலை ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் மேலும் முயலாமல் லேத் பட்டறையில் கொடுங்கள். துளை போட்டு எடுப்பது அவர்களுக்குப் பத்து நிமிட வேலை.

உள்ளே பச்சையாக, பிசின் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. அது என்ன?

பல வீடுகளில் ரீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். கைக்கு எட்டிய எண்ணெய் அதுதானே. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நாளாக நாளாகக் கெட்டுக் கொழுப்பு அமிலங்கள் வெளிப்படும். அந்த அமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சை நிறச் சோப்பு போன்ற பொருளாகிறது. குத்துவிளக்கில் எண்ணெய் நின்ற இடத்தில் பார்க்கும் அதே களிம்பு. பித்தளைக் கியரின் பற்களுக்கிடையே பச்சை மெழுகு அடைத்தாற்போல இருக்கும். பல் குச்சியால் கீறினால் சுருளாக வரும், முகர்ந்தால் சிக்கு வாடை அடிக்கும்.

பார்க்கத்தான் பயமுறுத்தும். மண்ணெண்ணெயில் 12 மணி நேரம் ஊறவிட்டு பிரஷ் போட்டால் பெரும்பகுதி போய்விடும். பல்லிடுக்கில் மிச்சம் இருந்தால் மரக்குச்சியால் ஒவ்வொரு பல்லாக எடுங்கள். ஊசியோ கத்தியோ வேண்டாம், பித்தளை கீறும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி அறையின் மறுகோடியில் உள்ள தீப்பொறியிலும் பற்றும். மண்ணெண்ணெயையும் சன்னல் திறந்த இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வைத்தே கையாளுங்கள்.

துருவுக்கு வினிகர் போடலாம் என்கிறார்கள். சரியா?

எஃகுக்கு மட்டும். அலுமினிய உடலை வினிகரில் போட்டால் பூச்சு உரிந்து மேற்பரப்பு மங்கி அரிக்கும். காஸ்டிக் சோடா, குழாய் அடைப்பு நீக்கும் பொடி ஆகியவை அலுமினியத்தைக் கரைத்தே விடும். அவை கிட்டவே வரக்கூடாது. பித்தளையை வினிகரில் நெடுநேரம் விட்டால் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத் திட்டுகள் தோன்றும்.

துருப்பிடித்த எஃகுத் திருகு, நட், வாஷர் ஆகியவற்றை மட்டும் வெள்ளை வினிகரில் அரைமணி நேரம் போட்டு, பிரஷ் செய்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். உலர்த்தத் தாமதித்தால் கண் முன்னாலேயே மஞ்சள் துரு பூக்கும்.

ஸ்பிரிங்குகளை மட்டும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள். கடின எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். பளபளவென்று வெளியே வந்த ஸ்பிரிங் பூட்டிய மறுநாள் ஒடிந்தால் காரணம் இதுதான்.

குரோம் பூசிய பெயில் கம்பியில் துருப்புள்ளிகள் இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமைக் கீறாமல் துருவை எடுத்துவிடும்.

சுற்றும்போது தட்டுத் தட்டென்று இடிக்கிறது. எந்த உறுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணிப் பார்ப்பதுதான் வழி. சுத்தம் செய்த பிறகு, ஸ்பூல் இல்லாமல் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். அதற்குள் ரோட்டர் மூன்றிலிருந்து ஐந்து சுற்று சுற்றும்.

கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, எப்போதும் அதே இடத்தில் இடித்தால் மெயின் கியரில் ஒரு பல்லில் பிரச்சினை. மணல் ஒட்டியிருக்கும் அல்லது பல் மழுங்கியிருக்கும். ரோட்டர் சுற்றும் ஒவ்வொரு முறையும் இடித்தால் பினியன், அல்லது ரோட்டருக்குப் பின்னால் இருக்கும் பேரிங். ஷாஃப்ட் முன்னே பின்னே போகும் இரு முனைகளில் மட்டும் கனமாக இருந்தால் ஸ்பூலை ஏற்றி இறக்கும் தள்ளுக்கட்டையோ ஷாஃப்ட் வளைவோதான் காரணம். பெரும்பாலான ரீல்களில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஒரு முறை ஏறி இறங்கும். பிளானமாட்டிக் அமைப்புள்ள மிட்செல்களில் ஒரு கூடுதல் கியர் அந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கியிருக்கும். அங்கே இடிப்பு நீண்ட இடைவெளியில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஷாஃப்ட் வளைவைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கார்டினலில் பழைய வார்ம் கியர் அமைப்பு. மற்றவற்றைவிடச் சற்றுக் கனமாகச் சுற்றும், ஆனால் வழவழப்பு அபாரம். மெயின் கியரும் பினியனும் பல ஆண்டுகள் சேர்ந்தே தேய்ந்தவை. ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை. புதியதும் பழையதும் சேர்ந்தால் கரகரக்கும்.

கைப்பிடி கொஞ்சம் பின்னோக்கி ஆடுகிறது. பழுதா?

இல்லை. பழைய ஆன்டி ரிவர்ஸ் ஒரு பல்சக்கரமும் அதில் விழும் ஒரு நாக்கும். அடுத்த பல் வரும்வரை ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஆட்டமே இல்லாத உருளை வகை 1990களில்தான் பரவலானது. நாக்கு பல்லில் விழாமல் நழுவினால் மட்டும் கவலைப்படுங்கள். அதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்த இடத்தில் யாரோ அப்பிய கிரீஸ். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் மட்டுமே.

பெயில் பட்டென்று மூட மாட்டேன் என்கிறது.

பழைய ரீல்களில் அதிகம் ஒடியும் உறுப்பு பெயில் ஸ்பிரிங்தான், மிட்செல் 300 இதற்குப் பேர்போனது. முதலில் ஸ்பிரிங் ஒடிந்ததா, இல்லை கீல்களில் அழுக்கா என்று பாருங்கள். கம்பியின் இரண்டு கீல்களிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இருபது முறை திறந்து மூடுங்கள். உயிர் வந்தால் வேலை முடிந்தது.

ஸ்பிரிங்கை எடுப்பதானால் கண்ணாடி அணிந்து, கையையும் ரோட்டரையும் ஒரு பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வேலை செய்யுங்கள். துள்ளினால் பைக்குள்ளேயே விழும். எடுத்தவுடன் அதன் கால்கள் எந்தத் துளைகளில் நின்றன என்பதைப் படமெடுங்கள். தலைகீழாகப் பூட்டினாலும் பொருந்தும், வேலை மட்டும் செய்யாது.

அதே மாதிரியின் ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் பியானோ கம்பியில் சுற்றிக்கொள்ளலாம். பழைய கம்பியின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றின் உள்விட்டம், சுற்றிய திசை, கால்களின் நீளமும் கோணமும் என ஐந்தும் வேண்டும். சுற்றும் தண்டு உள்விட்டத்தைவிடச் சுமார் 10 சதவீதம் சிறியதாக இருக்கட்டும். கையை விட்டதும் ஸ்பிரிங் சற்று விரியும். கால்களை மடக்கும்போது கூர்முனையாக மடக்காமல் சிறு வளைவோடு மடக்குங்கள். ஒடிவது எப்போதும் அந்த மடிப்பில்தான்.

இனிமேல் வீசிய பிறகு பெயிலைக் கையாலேயே மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றிப் படாரென்று மூடவைப்பது இந்த ஸ்பிரிங்குக்கும் விடுவிக்கும் நெம்புகோலுக்கும் அடிமேல் அடி. கையால் மூடினால் நரம்பில் தொய்வு நிற்பதும் குறையும்.

டிராக் திணறித் திணறி விடுகிறது. எப்படிச் சரி செய்வது?

மீன் கையை விட்டுப் போவது இங்கேதான், ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். டிராக் என்பது இரண்டு வகைத் தட்டுகளின் அடுக்கு. ஒன்று உலோகத் தட்டு. சில தட்டுகள் ஷாஃப்டோடு பூட்டிக்கொள்ளும், சில வெளிக்காதுகளால் ஸ்பூலோடு பூட்டிக்கொள்ளும். இவற்றுக்கிடையில் தோல், ஃபெல்ட், டெஃப்ளான் அல்லது நார்த்தட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறி வர வேண்டும். இரண்டு உலோகத் தட்டுகள் நேரடியாக உரசினால் அடுக்கு தவறியிருக்கிறது.

உலோகத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் ஓரங்களை அமுக்குங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடியில் 400 எண் நீர்த்தாளைப் பரப்பி, தண்ணீர் விட்டு, எட்டு வடிவில் தேய்த்து, 600இல் முடியுங்கள். முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால் சமதளம்.

தோலும் ஃபெல்ட்டும் கல்லாகக் காய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. கார்பன் நார்த் தட்டுகளை அளவாக வெட்டிப் போடலாம். கனம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். அரை மி.மீ. கூடினாலும் குமிழ் மரையில் போதுமான அளவு ஏறாது. கார்பன் தட்டில் டிராக் கிரீஸை விரலால் தொட்டுத் துடைத்த அளவுக்குப் பூசுங்கள். சாம்பல் நிறத்தில் நார்நாராக இருக்கும் பழைய தட்டுகளைத் தேய்த்துத் தூளாக்க வேண்டாம். அந்தக் காலப் பிரேக் தட்டுகளில் கல்நார் கலந்தவை உண்டு. நனைத்து எடுத்து, உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அளவு பார்க்க: ரீலைத் தூண்டில் கம்பில் பூட்டி, நரம்பின் நுனியை மீன் நிறுக்கும் தொங்கு தராசில் கட்டி மெதுவாக இழுங்கள். நரம்பின் தாங்குபலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும். 4 கிலோ நரம்பானால் 1 முதல் 1.3 கிலோ. அசையத் தொடங்கும்போது 1.8 கிலோ காட்டி, அசைந்ததும் 1 கிலோவுக்கு இறங்கினால் தட்டுகள் ஒட்டுகின்றன என்று பொருள். திரும்பக் கழற்றித் துடையுங்கள். இந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் டிராக் வேலை, அதிகபட்ச பலத்தைக் கூட்டுவது அல்ல.

கிரீஸ், எண்ணெய்: எங்கே எது, எவ்வளவு?

கியர் பற்களுக்கு என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) தரக் கிரீஸ், கடலுக்குப் போவதானால் நீரில் கரையாத மரைன் வகை. பல்லிடுக்குகளில் மெல்லிய படலமாக, பற்களின் முனை தெரியும் அளவுக்கு மட்டும் பிரஷால் தடவுங்கள். உடல் முழுக்க நிரப்பினால் உப்பு வராது என்று சிலர் செய்வார்கள். ரீல் கனத்துப்போகும், கிரீஸ் நாக்குக்குள் இறங்கி ஆன்டி ரிவர்ஸைக் கெடுக்கும்.

லைன் ரோலர், பெயில் கீல்கள், கைப்பிடிக் குமிழ், ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு இலகுவான எண்ணெய் தலா ஒரு சொட்டு. நன்னீரில் மட்டும் பயன்படுத்தும் ரீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். டபிள்யூ.டி-40 அழுக்கை இளக்க நல்லது, ஆனால் அதையே மசகாக விட்டுவிட்டால் சில வாரங்களில் காய்ந்துவிடும். சமையல் எண்ணெய் எதுவும் கூடாது.

ரோட்டருக்குப் பின்னால் உள்ள பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். கழுவிய பின்னும் கரகரத்தால் மாற்றுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்துகொண்டு போனால் பேரிங் கடையில் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஸ்டெயின்லெஸ்ஸாகக் கேளுங்கள். பூட்டும்போது ஒவ்வொரு திருகின் மரையிலும் துளி கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுகிறவர் நன்றி சொல்வார்.

லைன் ரோலரில் கோடு விழுந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

கூடாது. பஞ்சுக் குச்சியால் அதன் மேல் தடவுங்கள். பஞ்சு இழை சிக்கினால் நரம்பும் அங்கே அறுபடும். மெல்லிய கோடானால் 1500, பிறகு 2000 எண் நீர்த்தாளைப் பட்டையாக வெட்டி, ஷூ பாலிஷ் போடுவது போல இழுத்து வழவழப்பாக்கலாம். குரோம் உடைந்து உள்ளே பித்தளை தெரிந்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் லேத்தில் கடைந்து மாற்றுவதே சரி.

பின்னல் நரம்பு போடலாமா?

போடாமல் இருப்பது நல்லது. சுழலாத, மென்மையான ரோலர் கொண்ட பழைய ரீல்களில் பின்னல் நரம்பு அரம் போல அறுக்கும். ஸ்பூலின் விளிம்புக்கும் ரோட்டருக்கும் இடையே உள்ள சந்தில் மெல்லிய நரம்பு நழுவி ஷாஃப்டில் சுற்றிக்கொள்வதும் உண்டு. இந்த ரீல்கள் ஒற்றை நைலான் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. நடுத்தர அளவு ரீலுக்கு 0.25 முதல் 0.30 மி.மீ. நரம்பு இசைவானது. ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கும்படி நிரப்புங்கள். குறைத்தால் வீச்சு தூரம் போகாது, விளிம்பு வரை நிரப்பினால் சுருள்சுருளாகக் கொட்டும்.

கடலில் பயன்படுத்திய பிறகு?

டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய குழாய்த் தண்ணீரில் மேலாகக் கழுவுங்கள். இறுக்குவது தட்டுகளுக்குள் நீர் புகாமல் இருக்க. வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். வாளியில் முக்கவே கூடாது. துடைத்து, நிழலில் உலர்த்தி, டிராக்கை முழுக்கத் தளர்த்தி, பெயிலை மூடிய நிலையில் வையுங்கள். தோல் உறையோடு வந்த ரீலானால் உறையைத் தனியாக வைக்க வேண்டும். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தைப் பச்சையாக்கும்.

உதிரி எங்கே தேடுவது?

உடைந்த அதே மாதிரி ரீலை இன்னொன்று வாங்குவதே பெரும்பாலும் மலிவான வழி. வாங்கும் முன் பக்க மூடியைத் திறந்து எடுத்த படத்தைக் கேட்டு, உங்கள் ரீலின் படத்தோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுங்கள். மாதிரி எண் ஒன்றாக இருந்தும் ஸ்பூல்கூட மாறிப்போவது உண்டு. கடைந்து செய்யக்கூடியவை புஷ், ரோலர், ஷாஃப்ட், திருகு. கியரைக் கடைவது கட்டுப்படியாகாது. உங்கள் ரீலிலிருந்து எடுத்த பழைய உறுப்பு ஒடிந்ததாக இருந்தாலும் எறியாமல், அந்த முடிச்சு இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை அளவெடுக்க அது வேண்டியிருக்கும்.